இரவில் எண்ணும் அப்பா: பழைய அதிர்ச்சிக்கும் மறதி நோய்க்கும் தொடர்பு உண்டா?

ராகிக்காட்டுப் பரண் (ராயக்கோட்டை)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் ராயக்கோட்டைக்கும் தேன்கனிக்கோட்டைக்கும் இடையில், காட்டை ஒட்டியுள்ள ஒரு சிற்றூர். என் தந்தைக்கு வயது 67. பதினெட்டு ஆண்டுகள் ராணுவத்தில் பணியாற்றி ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். இலங்கைக்கு அனுப்பப்பட்ட இந்திய அமைதிப்படையில் 1987 இறுதியில் அவருடைய பிரிவும் சேர்ந்தது. ஏறக்குறைய ஓராண்டு அங்கே இருந்துவிட்டுத் திரும்பினார். அங்கு என்ன நடந்தது என்று அவர் எங்களிடம் ஒரு நாளும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. தீபாவளியன்று விடிவதற்கு முன்பே சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கோ போய்விடுவார். ஊர் அடங்கிய பிறகுதான் வீடு திரும்புவார். "அப்பாவுக்கு வெடி ஆகாது" என்று அம்மா சொல்வார். சிலருக்குக் கத்தரிக்காய் ஆகாது என்பதைப் போல அதையும் எடுத்துக்கொண்டு வளர்ந்துவிட்டோம்.

இரண்டு ஆண்டுகளாக அவருக்கு மறதி. மாந்தோப்புக் குத்தகைப் பணத்தைக் கையில் வாங்கி வைத்துவிட்டு, வாங்கவே இல்லை என்று வியாபாரியிடம் சண்டைக்குப் போனபோதுதான் நாங்கள் விழித்துக்கொண்டோம். ஸ்கேன் எடுத்துப் பார்த்த மருத்துவர், அல்சைமர் வகை மறதி நோய் தொடங்கியிருப்பதாகச் சொல்லி டோனெபெசில் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதுவரை எங்களுக்குப் புரிந்தது.

கடந்த மார்கழியில் யானைக் கூட்டம் ராகிக்காட்டுக்குள் இறங்கியது. ஊர்க்காரர்கள் பரணிலிருந்து வெடி போட்டு விரட்டினார்கள். முதல் வெடிச் சத்தம் கேட்டதும் அப்பா கட்டிலிலிருந்து உருண்டு கீழே இறங்கினார். தண்ணீர்ச் சொம்போடு உள்ளே வந்த என் மனைவியின் கையைப் பிடித்து இழுத்துத் தரையில் அழுத்தி, "தலையைத் தூக்காதே, தூக்காதே" என்று அடிக்குரலில் சொல்லிக்கொண்டே இருந்தார். அன்றிலிருந்து பெரும்பாலான இரவுகளில் இரண்டு மணிவாக்கில் எழுந்து உட்கார்ந்துகொண்டு இந்தியில் எண்ணுகிறார். ஏக், தோ, தீன் என்று தொடங்கி நௌ வரை போவார், நிறுத்துவார், மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார். காலையில் சாப்பிட்டதைப் பத்து மணிக்கு மறந்துவிடுகிற மனிதர், விடிந்ததும் கம்பளியை நான்கு மூலைகளும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்படி மடித்து, ஓரத்தை விரலால் நீவித் தலைமாட்டில் வைக்கிறார்.

அன்று பார்த்ததும் பட்டதும்தான் இன்றைய மறதிக்குக் காரணமா? அல்லது மறதி வந்ததால் பழையவை மேலே வருகின்றனவா? அவர் ராணுவத்தில் இருந்தவர் என்பதை மருத்துவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருக்க வேண்டுமா? அனுபவமும் படிப்பும் உள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

அரூர்ச் செவிலி

தம்பி, கட்டாயம் சொல்லியிருக்க வேண்டும், இப்போதாவது சொல்லுங்கள். நான் மனநலப் பிரிவில் பல ஆண்டுகள் செவிலியாக இருந்தவள். மறதி நோய் என்று வரும் முதியவரின் பழைய வாழ்க்கையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அவருடைய இரவுகளைப் புரிந்துகொள்ள முடியாது என்பதை நான் பணியில்தான் கற்றுக்கொண்டேன்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், உங்கள் தந்தைக்குப் பல ஆண்டுகளாகவே பிடிஎஸ்டி, அதாவது பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு, இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. மருத்துவர் நேரில் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். முதல் உலகப்போர்க் காலத்தில் இதை ஷெல் ஷாக் என்றார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் இன்றைய பெயரோடு 1980-இல்தான் இடம்பெற்றது. அதற்கு நான்கு பக்கங்கள் உண்டு: வேண்டாத நினைவுகள் தாமாக வந்து மோதுவது, அவற்றைத் தூண்டும் இடத்தையும் பேச்சையும் ஒலியையும் விட்டு விலகி ஓடுவது, மனம் மரத்துப்போய்க் குற்றவுணர்விலும் பற்றின்மையிலும் கிடப்பது, எந்நேரமும் உடல் விழிப்பு நிலையிலேயே இருப்பது. தீபாவளிக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாரே, அது இரண்டாவது பக்கம். அந்த விலகலை வைத்துத்தான் அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தன்னைச் சமாளித்திருக்கிறார்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இரண்டு திசைகளிலும் வழி இருக்கிறது.

அதிர்ச்சியிலிருந்து மறதிக்குச் செல்லும் திசையில் நன்கு அறியப்பட்ட ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவில் 55 வயதைக் கடந்த 1,81,093 முன்னாள் படைவீரர்களின் மருத்துவப் பதிவுகளை 2000 முதல் 2007 வரை தொடர்ந்து பார்த்தார்கள். கிறிஸ்டின் யாஃபே குழுவினர் 2010-இல் அதை வெளியிட்டார்கள். பிடிஎஸ்டி இருந்தவர்களில் 10.6 விழுக்காட்டினருக்கும், இல்லாதவர்களில் 6.6 விழுக்காட்டினருக்கும் அந்தக் காலத்தில் மறதி நோய் வந்தது. தலைக்காயம், குடிப்பழக்கம், மனச்சோர்வு உள்ளவர்களை நீக்கிவிட்டுப் பார்த்தபோதும் ஏறக்குறைய அதே நிலைதான்.

மற்றொரு திசையைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. வீட்டில் இருப்பவர்களுக்கு அதுதான் மிக முக்கியம் என்பது என் கருத்து. ஒரு நினைவை உள்ளே அடைத்து வைப்பதற்கு மூளை வேலை செய்ய வேண்டும். "அது அன்று, இது இன்று, அது அங்கே, இது நம் வீடு" என்று பிரித்துச் சொல்லும் வேலையை மூளையின் முன்பகுதியும், நினைவுகளைப் பதிய உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியும் சேர்ந்து செய்கின்றன. மறதி நோய் இந்த இரண்டையும் அரிக்கிறது. அல்சைமர் நோயில் ஹிப்போகாம்பஸ் தொடக்கத்திலேயே பாதிக்கப்படுகிறது. பயத்தோடு பதிந்த பழைய நினைவோ நேற்றைய சாப்பாட்டை விட ஆழமாகப் பதிந்திருக்கிறது. ஆகவே காவலாளி சோர்ந்துபோகிறார், உள்ளே இருந்தது வெளியே வருகிறது. முப்பது ஆண்டுகள் அமைதியாக இருந்தவர் அறுபதுகளின் கடைசியில் கத்தத் தொடங்குவதற்குப் பணி ஓய்வு, துணையை இழத்தல், மறதி நோய் போன்றவை காரணமாகலாம்.

புள்ளியியல் ஆசிரியர் (தருமபுரி)

சகோதரி சொன்ன ஆய்வை நானும் படித்திருக்கிறேன். அதன் எண்களைப் பார்த்து இழையைத் தொடங்கிய நண்பர் மனம் உடைந்துவிடக் கூடாது என்பதற்காகச் சிலவற்றை எழுதுகிறேன்.

வயது முதலியவற்றைச் சரிக்கட்டிய பிறகு அந்த ஆய்வில் இடர் விகிதம், அதாவது பிடிஎஸ்டி இல்லாதவர்களோடு ஒப்பிட்டால் ஆபத்து எத்தனை மடங்கு என்பது, 1.77. அதை "இரண்டு மடங்கு ஆபத்து" என்று சொன்னால் பயமாக இருக்கிறது. நூறு பேருக்கு ஏழு பேர் என்பது நூறு பேருக்குப் பதினொரு பேர் ஆயிற்று என்று சொல்லிப் பாருங்கள். அதே ஆய்வுதான், ஆனால் பிடிஎஸ்டி இருந்தும் அந்த ஏழு ஆண்டுகளில் மறதி வராத எண்பத்தொன்பது பேரும் அப்போது கண்ணில் படுகிறார்கள். 2020-இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் எட்டு ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து, ஏறக்குறைய 17 லட்சம் பேரின் தரவுகளிலிருந்து 1.61 என்ற விகிதத்தைக் கண்டார்கள். ஆக, தொடர்பு இருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் தொடர்பு என்பதும் காரணம் என்பதும் ஒன்றாகிவிடாது.

ஒரு எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். பிடிஎஸ்டி உள்ளவர்களின் ஹிப்போகாம்பஸ் சிறுத்திருப்பதைப் படங்களில் பார்த்து, அதிர்ச்சிதான் அதைச் சுருக்கிவிட்டது என்று பலரும் நினைத்தார்கள். 2002-இல் வெளிவந்த இரட்டையர் ஆய்வு ஒன்று அந்த நினைப்பைக் கலைத்தது. வியட்நாம் போருக்குப் போனவர்களையும், போருக்கே போகாத அவர்களுடைய ஒரே கரு இரட்டையர்களையும் சேர்த்துப் படமெடுத்துப் பார்த்தபோது, கடுமையான பிடிஎஸ்டி இருந்தவர்களைப் போலவே வீட்டில் இருந்த சகோதரர்களுக்கும் ஹிப்போகாம்பஸ் சிறியதாக இருந்தது. பிறவியிலேயே அங்கே இருப்பு, அதாவது தாங்கும் திறன், குறைவாக உள்ளவரைப் போர் எளிதாகக் காயப்படுத்துகிறது என்றுதான் அதைப் படிக்க வேண்டியிருக்கிறது. அதே குறைந்த இருப்புப் பின்னாளில் மறதி நோயையும் விரைவாக வெளிக்காட்டலாம் அல்லவா? மேலும், மறதி நோயின் மிகத் தொடக்கக் கட்டத்தில் வரும் பதற்றத்தையும் தூக்கக்கேட்டையும் பிடிஎஸ்டி என்று பதிந்துவிடவும் கூடும்.

இவற்றுக்கு நடுவே பல படிக்கட்டுகளும் இருக்கின்றன. பிடிஎஸ்டி உள்ளவர்களிடம் உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், புகை, குடி, மனச்சோர்வு, ஒதுங்கி வாழ்தல் ஆகியவை மிகுதி. லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையில், மாற்றக்கூடிய 14 காரணிகளைச் சரிசெய்தால் உலகின் மறதி நோய்களில் ஏறக்குறைய 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. பிடிஎஸ்டி தனியாக அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் அதன் கூடவே வரும் மனச்சோர்வு, தனிமை, ரத்த அழுத்தம், சர்க்கரை, மிகுந்த குடி, தலைக்காயம் எல்லாம் இருக்கின்றன. வீடு தேடி வந்து ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொடுக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அந்த மாத்திரைகளை மூளைக்கான மருந்தாகவும் நான் பார்க்கிறேன்.

தொப்பூர்க் கணவாய்

ஆசிரியர் தலைக்காயத்தைச் சொன்னதால் எழுதுகிறேன். நான் முப்பது ஆண்டுகள் லாரி ஓட்டியவன். தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் முன்னால் போன வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியதை இரண்டு முறை நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு முறை நானே உள்ளே சிக்கினேன். தலையில் பதினோரு தையல். காயம் ஆறிவிட்டது, ஆனால் டீசல் வாடையும் ரப்பர் கருகும் வாடையும் சேர்ந்து வந்தால் இன்றும் கை நடுங்குகிறது. படை வீரர்களுக்கு மட்டும்தான் இந்த நோய் வரும் என்று நினைத்திருந்தேன். எனக்கு வயது 58. நான் யாரிடம் போக வேண்டும்?

அரூர்ச் செவிலி

அண்ணா, மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கே போகலாம்; "தலையில் அடிபட்டது, அந்த வாடை வந்தால் கை நடுங்குகிறது" என்று நீங்கள் இங்கே எழுதியதை அப்படியே சொன்னால் போதும். முதலில் பேச வேண்டும் என்றால் டெலி மானஸ் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. பிடிஎஸ்டிக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. பயிற்சி பெற்றவரின் துணையோடு அந்த நினைவை அடிமேல் அடி வைத்து எதிர்கொள்ளும் பேச்சுமுறைச் சிகிச்சைகள்தான் முதன்மையானவை. தேவையானால் மாத்திரையும் கொடுப்பார்கள். சிகிச்சை எடுத்தால் பின்னாளில் மறதி வராது என்று நான் உறுதி கூற மாட்டேன், அது இன்னும் நிறுவப்படவில்லை. ஆனால் இழந்த தூக்கம் மெல்லத் திரும்பக்கூடும். அது போதுமான காரணம்.

படைவீரர்களுக்கு மட்டுமா என்றீர்கள். ஆசிரியர் சொன்ன 2020 தொகுப்பாய்வில், படைவீரர்களைவிடப் பொதுமக்களிடையே விகிதம் கூடுதலாக, 2.11 என்று வந்தது. படைவீரர்களுக்கு ஓரளவாவது சிகிச்சை கிடைத்துவிடுவது இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களே கருதினார்கள். எங்கள் அரூர்ப் பக்கத்து வாச்சாத்தியை நினைத்துப் பாருங்கள். 1992 ஜூனில் வனத்துறையினரும் காவல்துறையினரும் அங்குள்ள பழங்குடி மக்கள்மேல் நடத்திய கொடுமைக்குத் தருமபுரி நீதிமன்றத்தின் தீர்ப்பு 2011-இல் வந்தது. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023-இல். முப்பத்தொரு ஆண்டுகள் அந்த நாளை உயிரோடு வைத்துக்கொண்டு, கேட்டவர்களிடமெல்லாம் மறுபடியும் மறுபடியும் சொல்ல வேண்டிய நிலையில் ஒரு ஊர் இருந்திருக்கிறது. அந்த ஊரில் எவருடைய நினைவாற்றலைப் பற்றியும் நான் எதையும் சொல்லவில்லை. நம் மலைக்கிராமங்களில் முதிய பெண்கள் இரவில் கத்தினால் "வயசாகிப்போச்சு" என்று கதவைச் சாத்துவதற்கு முன் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

ராகிக்காட்டுப் பரண்

அக்காவுக்கும் ஆசிரியர் ஐயாவுக்கும் மிக்க நன்றி. ஒன்று மட்டும் கேட்கிறேன். அப்பா இரவில் கத்துவதைப் பார்த்துவிட்டு, பக்கத்து மருந்துக் கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்கலாம் என்று மாமா சொல்கிறார். கொடுக்கலாமா?

அரூர்ச் செவிலி

கொடுக்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன்.

இரவில் கத்துவதற்கும் கையை வீசுவதற்கும் பிடிஎஸ்டி ஒன்றே காரணமாக இருக்க வேண்டியதில்லை. லூயி பாடி என்ற வகை மறதி நோயில், கனவில் நடப்பதை உடலாலும் செய்துவிடுவார்கள்: அடிப்பார்கள், உதைப்பார்கள், கத்துவார்கள். அப்படிப்பட்டவருக்கு, மனப்பிறழ்வுக்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால் போன்ற மருந்தைக் கொடுத்தால் உடல் விறைத்துப் பெரும் ஆபத்தில் முடியலாம். பொதுவாகவே மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு இவ்வகை மருந்துகள் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்திருக்கிறது; புதிய வகை மருந்துகளுக்கு 2005-இலும், ஹாலோபெரிடால் போன்ற பழைய வகைக்கு 2008-இலும். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் குளோனசெபாம், அல்பிரசோலம் போன்ற மாத்திரைகளோ குழப்பத்தை அதிகமாக்கும். எழுந்து நடக்கும்போது விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்வார்கள். தேவை என்று மருத்துவர் முடிவு செய்தால் அளவு பார்த்து, நாள் குறித்துக் கொடுப்பார், அது வேறு.

ஆகவே மருத்துவரிடம் இவற்றைச் சொல்லுங்கள்: கனவிலேயே கத்துகிறாரா, அல்லது விழித்து உட்கார்ந்தபின் எண்ணுகிறாரா, எத்தனை மணிக்கு, இல்லாத ஆட்களோ பிராணிகளோ கண்ணுக்குத் தெரிவதாகச் சொல்கிறாரா, நடை மெதுவாகிவிட்டதா, நாளுக்கு நாள் தெளிவும் குழப்பமும் மாறி மாறி வருகின்றனவா. செல்போனில் ஓரிரு இரவுகள் பதிவு செய்து காட்டினால் இன்னும் நல்லது. பி12 சத்து, தைராய்டு ஆகியவற்றைப் பார்க்காமல் விட்டிருந்தால் பார்க்கச் சொல்லுங்கள், காதுகேட்பையும் சோதியுங்கள். ஓய்வு பெற்ற படைவீரர் என்பதால் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தில் பதிந்திருக்கலாம், அப்படியானால் அங்கே பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். பெங்களூருவில் மனநலத்துக்கும் நரம்பியலுக்குமான நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் முதியோர் மனநலப் பிரிவு உண்டு. ஓசூர் சாலையிலேயே இருப்பதால் உங்கள் பக்கத்திலிருந்து போவதும் எளிது.

வீட்டில் செய்ய வேண்டியதும் இருக்கிறது. அவரைப் பின்னாலிருந்து தொடாதீர்கள்; முன்னால் வந்து பெயரும் உறவும் சொல்லிய பிறகு தொடுங்கள். இருட்டறையில் படுக்க வைக்காதீர்கள், சிறு விளக்கு எரியட்டும், வாசற்கதவு அவர் கண்ணுக்குத் தெரியட்டும். "இலங்கையும் இல்லை, போரும் இல்லை, கனவு காண்கிறீர்கள்" என்று வாதம் செய்யாதீர்கள். அவர் இருக்கும் இடத்துக்கு நீங்கள் போய், "நான் இருக்கிறேன், எல்லாரும் பத்திரமாக இருக்கிறார்கள்" என்று சொல்லுங்கள். அவரைத் துருவித் துருவிப் பழைய கதை கேட்கவும் வேண்டாம். மனம் தெளிவாக இருப்பவருக்குச் செய்யும் சிகிச்சையை, நினைவு நழுவிக்கொண்டிருப்பவரிடம் வீட்டில் முயன்று பார்க்கக் கூடாது.

கேட்டுக்கொண்டிருப்பவள் (பென்னாகரம்)

முழுவதையும் படித்தேன். என் அம்மாவுக்கும் இப்படித்தான் இருந்தது. ஆற்றுவெள்ளத்தில் என் அண்ணனை இழந்தவர். மறதி முற்றியபின் மழை பெய்யும்போதெல்லாம் அண்ணனைத் தேடுவார். "அவன் போய் முப்பது வருஷம் ஆச்சும்மா" என்று நாங்கள் ஒவ்வொரு முறையும் உண்மையைச் சொன்னோம். ஒவ்வொரு முறையும் அவர் முதல் தடவை கேட்பதைப் போல அழுதார். அக்கா எழுதியது ஐந்து ஆண்டுகளுக்கு முன் என் கண்ணில் பட்டிருக்கக் கூடாதா என்று இருக்கிறது.

ராகிக்காட்டுப் பரண்

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

நிம்ஹான்ஸுக்குப் போய் வந்தோம். அப்பாவின் பணிப் பதிவேட்டையும், இரவில் எடுத்த இரண்டு பதிவுகளையும் காட்டினேன். மருத்துவர் நெடுநேரம் கேட்டார். மறதி நோயோடு பழைய பிடிஎஸ்டியும் இருப்பதாகவே கருதுகிறார். லூயி பாடிக்கான அடையாளங்கள் இப்போதைக்குத் தெரியவில்லை என்றார். பி12 குறைவாக இருந்தது, ஊசி போடுகிறார்கள். ஒரு மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள். அடுத்த மாதம் மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஊரில் பரண் காவலுக்குப் போகிறவர்களிடம் பேசினேன். வெடி போடுவதற்கு முன் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். அது வந்ததும் நான் அப்பாவின் முன்னால் போய் உட்கார்ந்து, "அப்பா, யானையை விரட்டப் போறாங்க, சத்தம் வரும்" என்று சொல்கிறேன். அவர் என் கையைப் பிடித்துக்கொள்கிறார். உடல் அதிர்கிறது, ஆனால் கீழே இறங்குவதில்லை.

எண்ணிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பர்கூரில் இருக்கும் அவருடைய பழைய நண்பரைத் தேடிப் போய்க் கேட்டேன். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஒரு செக்‌ஷனுக்குப் பத்துப் பேர் தம்பி" என்று மட்டும் சொன்னார். நான் மேலே கேட்கவில்லை.

அன்றிரவு அப்பா எழுந்து எண்ணத் தொடங்கியபோது பக்கத்தில் உட்கார்ந்தேன். நௌ என்று சொல்லி அவர் நிறுத்தியதும், "தஸ்" என்று நான் சொன்னேன். என்னைத் திரும்பிப் பார்த்தார். கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். அதற்கடுத்த இரண்டு இரவுகளும் அப்படியே தூங்கினார். நேற்று நான் பத்தைச் சொன்ன பிறகும் மறுபடி ஏக் என்று தொடங்கினார். விடியும் வரை அவர் ஒன்பதும் நான் பத்துமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.